வாசலில் வைத்த கத்தரிக்கோல்

பிறர் சொல்லைக் கையில் வாங்குகிற வேலை பார்ப்பவர்கள் இந்தக் கதையை ஒருமுறை கேட்டு வைப்பது நல்லது. கேட்டபின் மனம் கலங்குமானால், அதுவும் நல்லதே.

தென்காசிக்கு மேற்கே, சாரல் எட்டும் தூரத்தில், மூடிக் கிடந்த அரிசி ஆலையில் மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றில், கணினிக்கு நிரல் எழுதப் பழக்கும் இல்லம் நடந்துவந்தது. ஆசிரியை உலகம்மைக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் பயின்றவர்களுள் மூத்தவர் சங்கரபாகம், வயது ஐம்பத்தொன்று. நீதிமன்றத்தில் இருபத்தாறு ஆண்டுகள் தட்டச்சராக இருந்து, விருப்ப ஓய்வு பெற்று வந்தவர். அவர் ஆசிரியையை ‘டீச்சர்’ என்பார். ஆசிரியை அவரை ‘அண்ணாச்சி’ என்பார். இதில் இருவருக்கும் கூச்சம் இருந்ததில்லை.

அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. இணையப் பக்கத்தில் பிறர் நிரப்பும் படிவம் ஒன்றை எவர் செய்து முடித்தாலும், அது வெளியே போவதற்கு முன், அரை மணி நேரம் அவரே முற்றத்தில் அந்தப் படிவமாக நிற்க வேண்டும். மற்றவர்கள் சீட்டில் எழுதி நீட்டுவார்கள். நிற்பவர் அதைத் தாம் எழுதிவைத்த வாக்கியத்தின் வெற்றிடத்தில் வைத்துப் படித்து, வாக்கியம் சொல்கிறபடியே செய்ய வேண்டும். யோசிக்கக் கூடாது. கணினி யோசிப்பதில்லை.

சங்கரபாகம் முதலில் செய்தது, மதியச் சாப்பாட்டுக்குப் பெயர் கொடுக்கும் படிவம். அவர் எழுதிய வாக்கியம் எளியது:

‘______’ என்பவருக்கு ஒரு தட்டு சோறு வை.

பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கணினிக்குத் தெரிவதற்காக இரண்டு பக்கமும் மேற்கோள் குறி இட்டிருந்தார். சோற்றுப் பானையோடு முற்றத்தில் நின்றார். பதினான்கு பேர் வரிசையில் வந்தார்கள். நான்காமவர் பீர்முகம்மது. கைப்பேசி பழுது பார்க்கும் கடையை விட்டுவிட்டு நிரல் பயில வந்தவர், வாய் ஓயாதவர். தம் சீட்டில் பெயரை எழுதி, அதன் பின்னால் தாமே ஒரு மேற்கோள் குறியை இட்டு மூடி, மேற்கொண்டும் சில சொற்களை எழுதியிருந்தார்.

சங்கரபாகம் வெற்றிடத்தில் அதை வைத்து உரக்கப் படித்தார்:

‘பீர்’ என்பவருக்கு ஒரு தட்டு சோறு வை. பானையைக் கவிழ். ‘எவனோ’ என்பவருக்கு ஒரு தட்டு சோறு வை.

ஒரு தட்டு வைத்தார். பானையைக் கவிழ்த்தார். மூன்றாவது வாக்கியத்தைச் செய்யச் சோறு இல்லை.

மண்ணில் ஆவி பறந்தது. பத்துப் பேர் வெறும் தட்டோடு நின்றார்கள்.

“அண்ணாச்சி, என் தட்டு நெறஞ்சிருக்கு. பங்கு வேணுமா?” என்றார் பீர்முகம்மது.

“பாவி, நீ எழுதினதைத்தான செஞ்சேன்!”

“அதைத்தான் நானும் சொல்லுதேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. அவர் வரிசையில் ஐந்தாவதாக நின்றிருந்தார்.

“பேரு எங்க முடிஞ்சுது, அண்ணாச்சி?”

“மேற்கோள் குறியில, டீச்சர்.”

“அந்தக் குறியைப் போட்டது யாரு?”

“இவன்.”

“நீங்க போட்டதுன்னு நம்பிட்டீங்க.”

சங்கரபாகம் தலை குனிந்தார்.

“நாளைக்கு இதுக்கு ஒரு வழி சொல்லுதேன்” என்று சொல்லிவிட்டு, ஆசிரியை வெறும் தட்டைக் கழுவி வைத்தார்.

சங்கரபாகம் நாளை வரை பொறுக்கவில்லை. அவமானப்பட்டவருக்குப் பாடம் கேட்க நேரம் இருப்பதில்லை. இருபத்தாறு ஆண்டுகள் ஒரு பிழை இல்லாமல் தட்டச்சு செய்த கை, பதினான்கு பேர் முன்னால் சோற்றைக் கொட்டியிருந்தது. அன்று மாலைக்குள் அவர் தம் படிவத்தின் வாசலில் ஒரு காவல் வைத்தார். அதற்குக் ‘கத்தரிக்கோல்’ என்று பெயரும் இட்டார். உள்ளே வரும் எழுத்தில் மேற்கோள் குறி இருந்தால் வெட்டும். அரைப்புள்ளி இருந்தால் வெட்டும். இணையப் பக்கங்கள் தம் கட்டளைகளை < > என்ற கோண அடைப்புக்குள் வைத்திருப்பவை என்று படித்திருந்தார். ஆகவே கோண அடைப்பு ஒன்று திறந்தால், அது மூடும் வரை உள்ளதையெல்லாம் வெட்டும். மூடாமலே போனால் கடைசி எழுத்து வரை வெட்டும்.

அந்தக் ‘கடைசி எழுத்து வரை’ என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

மறுநாள் மீண்டும் முற்றத்தில் நின்றார். கையில் உண்மையான கத்தரிக்கோல். சீட்டுகள் வந்தன. வெட்டினார், மிச்சத்தைப் படித்தார், சோறு வைத்தார். பீர்முகம்மது ஏழு சீட்டு எழுதினார். ஏழிலும் தோற்றார்.

“தோத்துட்டேன் அண்ணாச்சி. உங்க வாசல்ல எறும்பு கூட நுழையாது.”

“எறும்பு நுழையலாம். காலை வெட்டிட்டு.”

எல்லாரும் கை தட்டினார்கள். ஆசிரியை குனிந்து, தரையில் கிடந்த காகிதத் துணுக்குகளைப் பார்த்தார்.

“வெட்டினதை எங்க வைப்பீங்க, அண்ணாச்சி?”

“குப்பையிலதான் டீச்சர். வெசத்தை யாராவது சேத்து வைப்பாங்களா?”

ஆசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்நேரம் வாசலில் கார் வந்து நின்றது. அறக்கட்டளை மருத்துவமனை ஒன்றின் ஆட்கள். மலையடிவாரச் சிற்றூர்களுக்குப் போகும் செவிலியர்கள், கர்ப்பிணிகளின் நிலையைக் கைப்பேசியில் எழுதி மருத்துவமனைக்கு அனுப்ப ஒரு படிவம் வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார்கள். அந்த வேலை சங்கரபாகத்திடம் இருந்தது; அதன் வாசலிலும் அதே கத்தரிக்கோலை வைத்திருந்தார். வந்தவர்களுக்கு அவசரம்.

“பாதுகாப்பா இருக்கா மேடம்?”

சங்கரபாகம் ஆசிரியையின் முகத்தைப் பார்த்தார்.

“சரி” என்றார் ஆசிரியை.

படிவம் போயிற்று. கத்தரிக்கோலும் அதனோடு போயிற்று.

எட்டு மாதம் ஒரு குறையும் வரவில்லை. குறை இல்லை என்பதற்கும், குறை சொல்ல வந்தவர் இல்லை என்பதற்கும் உள்ள தூரத்தை அந்த இல்லத்தில் எவரும் அளந்து பார்க்கவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு முற்பகல். நீலக்கரைச் சேலை உடுத்திய பெண் ஒருவர், நனைந்த குடையோடு கிட்டங்கி வாசலில் நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும்.

“இங்க சங்கரபாகம் சார்ங்கிறது?”

“நான்தான். வாங்கம்மா.”

“என் பேரு ஞானசுந்தரி. நர்ஸ். மலையடிவாரத்துல பதினெட்டு ஊரு என் பொறுப்பு. நீங்க செஞ்ச ஃபாரத்துலதான் எழுதுறேன்.”

“நல்லா வேலை செய்யுதா?”

ஞானசுந்தரி பெஞ்சில் உட்கார்ந்தார். பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். மருத்துவமனை அனுப்பிய விளக்கம் கோரும் கடிதம் அது.

“பேச்சித்தாய்னு ஒரு பொண்ணு சார். இருபத்துமூணு வயசு. ரெண்டாவது பிரசவம். ரத்தம் ரொம்பக் கம்மி. நான் போன மாசம் இருபதாம் தேதி பாத்துட்டு, அங்கயே ஒரு மரத்தடியில நின்னு எல்லாத்தையும் எழுதி அனுப்பினேன். ஒரு வாரம் கழிச்சு அவளுக்கு வலி கண்டுட்டுது. மழை. ஆம்புலன்ஸ்ல கொண்டு போனாங்க. ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்து வைக்கலை. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு, தென்காசிக்கு ஆள் அனுப்பி ரத்தம் தேடுறதுக்குள்ள…”

தாளை மடித்தார். திரும்பவும் பிரித்தார்.

“பிள்ளை இருக்கு. அவ இல்லை.”

சங்கரபாகம் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்.

“ஏன் ரத்தம் எடுத்து வைக்கலைன்னு கேட்டா, நான் எழுதவே இல்லைங்கிறாங்க. திரையைக் காட்டுறாங்க சார். ‘எச்.பி.’ன்னு மட்டும் இருக்கு. ரத்தத்தோட அளவுக்கு நாங்க அப்படித்தான் எழுதுவோம். எச்.பி.ன்னு ஆரம்பிச்சுட்டு, அளவைக் கூட எழுதாம நான் போயிட்டேனாம். ‘நர்சுங்க நீங்க எல்லாருமே அரை வாக்கியம்தான் எழுதுறீங்க’ன்னு அங்க ஒரு டாக்டர் சிரிக்கிறாரு. வியாழக்கிழமை விசாரணை. பத்தொம்பது வருச வேலை.”

“அம்மா…”

“வேலையை விடுங்க சார். அவ புருசன், உச்சிமாகாளின்னு பேரு, மலையில தேன் எடுக்கிறவன். என் வீட்டு வாசல்ல வந்து நின்னான். சண்டை போடலை. ‘ஒரு வரி எழுதியிருக்கலாமே அக்கா’ன்னான். அவ்வளவுதான். போயிட்டான்.”

மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

“நான் எழுதினேன் சார். எனக்குத் தெரியும். நீங்க செஞ்ச ஃபாரம்தான? உள்ளே எங்கயாவது கெடக்கும்ல? தேடி எடுத்துக் குடுங்க. அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

“பாக்குறேன்மா. உக்காருங்க.”

அவர் உள்ளே போய்க் கணினியைத் திறந்தார். இருபதாம் தேதியைத் தேடினார். பேச்சித்தாய், இருபத்துமூன்று வயது. குறிப்பு என்ற கட்டத்தில் ‘எச்.பி.’ என்று இருந்தது. அதற்குப்பின் ஓர் இடைவெளி. அதற்குப்பின் ஒன்றும் இல்லை.

அந்த இடைவெளியைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. எழுதாமல் போகிறவர் எவரும் அடுத்த சொல்லுக்கு இடம் விட்டுவிட்டுப் போக மாட்டார்.

எட்டு மாதக் குறிப்புகளை முழுவதும் தேடினார். அப்படி நடுவில் நின்றவை அறுபத்து மூன்று. நாற்பது செவிலியர்கள். அறுபத்து மூன்று அரைவரிகள். மற்றக் கர்ப்பிணிகள் பிழைத்தது, எவரோ தொலைபேசியில் கேட்டதாலோ, உடம்பு தாங்கியதாலோ, அல்லது எவருக்கும் தெரியாத காரணத்தாலோ இருக்கலாம்.

எழுந்து ஆசிரியையிடம் போனார். பெஞ்சு இருக்கும் பக்கத்தைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

“டீச்சர், ஒரு சந்தேகம்.”

“கேளுங்க, அண்ணாச்சி.”

“படிவத்துல வர்ற விசேசக் குறிகளை எப்படிப் பத்திரமாக் கையாளணும்?”

ஆசிரியை அவர் கண்களைப் பார்த்தார். பிறகு சன்னல் வழியாகப் பெஞ்சைப் பார்த்தார்.

“எட்டு மாசம் கழிச்சு இந்தச் சந்தேகமா?”

“பொதுவாக் கேக்குறேன் டீச்சர்.”

“பொதுவா ஒருத்தர் குடையோட உக்காந்திருக்காங்களே, அவங்க யாரு?”

சங்கரபாகம் சொன்னார். தொடக்கம் முதல் சொன்னார். ஆசிரியை நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டு முடித்ததும் எழுந்து, பெஞ்சுக்குப் போய், ஞானசுந்தரியை உள்ளே அழைத்து வந்தார். ஒரு வெள்ளைச் சீட்டும் பேனாவும் கொடுத்தார்.

“அம்மா, அன்னைக்கு எழுதினதை அப்படியே இதுல எழுதுங்க. நெனவு இருக்கா?”

“தினமும் அதைத்தான டீச்சர் சொல்லிட்டுக் கெடக்கேன்.”

ஞானசுந்தரி எழுதினார். கை தயங்கவில்லை. ஆசிரியை சீட்டை வாங்கிச் சங்கரபாகத்திடம் கொடுத்தார்.

“முற்றத்துல நில்லுங்க, அண்ணாச்சி. நீங்க அந்தப் படிவம்.”

“டீச்சர், மழை.”

“பேச்சித்தாயைக் கூட்டிட்டுப் போனப்பவும் மழைதான்.”

அவர் முற்றத்தில் இறங்கி நின்றார். பீர்முகம்மதுவும் மற்றவர்களும் கதவோரம் வந்து நின்றார்கள். சீட்டில் இப்படி இருந்தது:

எச்.பி. <6. முதல் பேறுகாலத்திலும் உதிரப்போக்கு. இரண்டு யூனிட் ரத்தம் தயாராக வைக்கவும். தூரத்து ஊர், முன்கூட்டியே சேர்க்கவும்.

“வழக்கப்படி படிங்க. உங்க கத்தரிக்கோல் விடுற அளவுக்கு.”

“எச்.பி.” என்று படித்தார் சங்கரபாகம். நின்றார்.

“படிங்க சார்” என்றார் ஞானசுந்தரி. “அதுக்கு மேலயும் இருக்கு.”

சங்கரபாகம் சீட்டைக் கீழே இறக்கினார்.

“என் எழுத்து புரியலையா சார்? ஆறுக்குக் கீழன்னு போட்டிருக்கேன். வாயைத் தெறந்த மீன் மாதிரி ஒரு குறி. நாங்க எல்லாரும் அப்படித்தான் போடுவோம்.”

“புரியுதும்மா.”

“அப்போ ஏன் நிறுத்திட்டீங்க?”

சங்கரபாகம் ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை அவருக்காகப் பதில் சொல்லவில்லை.

“அந்தக் குறியைக் கண்டா, அதுல இருந்து கடைசி வரைக்கும் வெட்டச் சொல்லியிருக்கேன்மா. அது கட்டளையா இருக்கும்னு பயந்து.”

“யாருக்குக் கட்டளை?”

“கம்ப்யூட்டருக்கு.”

“நான் எதுக்கு சார் கம்ப்யூட்டருக்குக் கட்டளை போடப் போறேன்? டாக்டருக்கு எழுதினேன்.”

ஞானசுந்தரி ஒரு படி இறங்கி வந்தார்.

“அப்போ, வெட்டினது எங்க சார்?”

“இல்லைம்மா.”

“இல்லைன்னா?”

“எங்கயும் இல்லை. நான் எடுத்து வைக்கலை.”

ஞானசுந்தரி படியில் உட்கார்ந்துவிட்டார். எவரையும் பார்க்காமல் சொன்னார்:

“அந்த மரத்தடியில ஒரு விரலால தட்டித் தட்டி, பத்து நிமிசம் எழுதினேன்.”

ஆசிரியை உள்ளே போய்த் தம் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பழைய சீட்டு ஒன்று இருந்தது. சோற்றுப் பானையைக் கவிழ்த்த சீட்டு. அதையும் ஞானசுந்தரியின் சீட்டையும், தெளிந்த பிளாஸ்டிக் உறைகளில் தனித்தனியே இட்டு ஒட்டினார். சமையற்கட்டிலிருந்து சோற்றுப் பானையைக் கொண்டுவரச் சொல்லிச் சங்கரபாகத்தின் முன் வைத்தார்.

“உறைக்குள்ள இருக்கிறது வேற ஒருத்தர் சொன்னது. உறைக்கு வெளிய உங்க வாக்கியம். இப்போ படிங்க.”

முதலில் பழைய சீட்டு. அவர் ஓர் எழுத்து விடாமல் படித்தார். ‘பானையைக் கவிழ்’ என்பதையும் படித்தார். பானை அசையவில்லை. அப்படி ஒரு பெயரில் எவரும் இல்லை என்று சொல்லி நிறுத்தினார். பிறகு ஞானசுந்தரியின் சீட்டு. ஆறுக்குக் கீழ் என்பதையும், உதிரப்போக்கு என்பதையும், இரண்டு யூனிட் ரத்தம் என்பதையும் படித்தார்.

“வெட்டலையே?” என்றார் ஆசிரியை.

“இல்லை டீச்சர்.”

“பானை கவிழலையே?”

“இல்லை.”

“சேத்து வைக்கும்போது ஒரு உறை. திரைக்கு வரும்போது வேற உறை. தாள் ஒண்ணுதான். அதுல கை வைக்க நமக்கு உரிமை இல்லை.”

“இது எனக்குத் தெரியாமப் போச்சே டீச்சர்!”

“இருபத்தாறு வருசம் கோர்ட்டுல என்ன டைப் அடிச்சீங்க?”

“சாட்சி வாக்குமூலம்.”

“அதுல ‘வெட்டு’, ‘கொளுத்து’ன்னு வருமா?”

“நெறைய வரும். ‘அவனை வெட்டுடான்னு எதிரி சொன்னதை நான் கேட்டேன்’னு வரும்.”

“அதைக் கேட்டுட்டு டவாலிச் சேவகர் எந்திரிச்சுப் போயி எவனையாவது வெட்டினாரா?”

“இல்லை டீச்சர்.”

“ஆபத்தான வார்த்தைன்னு நீங்க அதை அடிக்காம விட்டீங்களா?”

“ஐயையோ! ஒரு வார்த்தை விட்டாலும் வேலை போயிரும்.”

சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்திருந்த ஞானசுந்தரியைப் பார்த்தார். அதற்கு மேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. ஆயினும் நின்றார். மழையில் நின்றார்.

வியாழக்கிழமை விசாரணைக்குச் சங்கரபாகமும் போனார். போவதற்கு முன்பே படிவத்திலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவிட்டு உறைகளை வைத்திருந்தார். புதிய குறிப்புகள் முழுமையாக வந்தன. பழைய அறுபத்து மூன்று மட்டும் அப்படியே நின்றன. வெட்டி எறிந்ததை உறையிலிட எந்த நிரலாலும் ஆகாது.

விசாரணை அதிகாரி நல்லவர், அவசரக்காரர். பக்கத்தில் ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். சங்கரபாகம் எழுந்து நின்று சொன்னார்:

“ஐயா, இந்தம்மா எழுதினாங்க. முழுசா எழுதினாங்க. வெட்டினது நான் செஞ்ச படிவம். தெரிஞ்சேதான் அப்படிச் செஞ்சேன், பாதுகாப்புன்னு நெனச்சு. இவங்க வரி மட்டும் இல்லை, அறுபத்து மூணு வரி போயிருக்கு. ‘வெட்டினதை எங்க வைப்பீங்க’ன்னு என் ஆசிரியை கேட்டாங்க. குப்பையிலன்னு சொன்னேன். அவங்களும் சரின்னுட்டாங்க.”

அதிகாரி தட்டச்சரிடம் திரும்பினார்.

“போடுங்க. ‘மென்பொருளில் தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டிருக்க வாய்ப்புண்டு என வல்லுநர் தெரிவித்தார்.’”

சங்கரபாகம் காது கொடுத்துக் கேட்டார். தட்டச்சு ஓசையைக் கேட்டே எத்தனை சொற்கள் விழுகின்றன என்று அறியக்கூடியவர் அவர்.

“ஐயா, நான் சொன்னது அது இல்லை.”

“சாராம்சம் அதுதானே?”

“சாராம்சம் சொல்ல வரலை ஐயா. வாக்குமூலம் சொன்னேன்.”

“பெரியவரே, உங்களையும் சேர்த்துத்தான் காப்பாத்துறேன். உக்காருங்க.”

“என்னைக் காப்பாத்த வேண்டாம் ஐயா. அப்படியே அடிக்கச் சொல்லுங்க.”

“அடுத்தவங்க காத்திருக்காங்க.”

மதியத்துக்குள் ஆணை வந்தது. ‘நடவடிக்கை கைவிடப்படுகிறது. எதிர்காலத்தில் குறிப்புகளை முழுமையாக எழுதுமாறு செவிலியர் ஞானசுந்தரி அறிவுறுத்தப்படுகிறார்.’

ஞானசுந்தரி அதை வராந்தாவில் நின்று இரண்டு முறை படித்தார்.

“வேலை இருக்கு சார்.”

“அம்மா, நான் முழுசாத்தான்…”

“கேட்டேன் சார். நீங்க சொன்னீங்க. தாள்ல இல்லை.” ஆணையை மடித்துப் பைக்குள் வைத்தார். “முழுமையாக எழுதுமாறு. இதை நான் வீட்டுச் சுவத்துல ஒட்டி வைக்கவா?”

குடையை விரித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

பிற்பகலில் சங்கரபாகம் கிட்டங்கிக்குத் திரும்பினார். ஆசிரியை முற்றத்தில் இருந்தார்.

“என்ன ஆச்சு, அண்ணாச்சி?”

“நான் ஒரு வார்த்தை விடாமச் சொன்னேன் டீச்சர். அவங்க வெட்டிட்டாங்க. என் கண்ணு முன்னாலயே.”

“வலிக்குதா?”

“வலிக்குது.”

“அது அறுபத்து நாலாவது வரி.”

சங்கரபாகம் படியில் உட்கார்ந்தார். பீர்முகம்மது ஒரு தம்ளர் தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, கேலி ஒன்றும் இல்லாமல் உள்ளே போனார். தேநீர் ஆறியது.

“இனிமே என்ன செய்யட்டும் டீச்சர்? மேல எழுதிப் போடவா? அங்கயும் வெட்டுவாங்க.”

“எழுதிப் போடுங்க. வெட்டினா இன்னொரு தடவை போடுங்க. ஆனா முழுசாக் கேக்க வேண்டிய ஒருத்தர் இன்னும் கேக்கலையே.”

“யாரு?”

“ஒரு வரி எழுதியிருக்கலாமேன்னு கேட்டாரே, அவரு.”

ஆசிரியை எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த இரண்டு குடைகளையும் எடுத்தார். ஒன்றை அவரிடம் நீட்டினார்.

சங்கரபாகம் அதை வாங்கத் தயங்கினார்.

“அவரு மலையில தேன் எடுக்கிறவரு டீச்சர். குறி, நிரல், உறை, இதெல்லாம் அவருக்கு நான் எப்படிப் புரிய வைப்பேன்?”

ஆசிரியை படியிறங்கிச் செருப்பை மாட்டினார்.

“‘அக்கா எழுதினாங்க. நான் வெட்டிட்டேன். டீச்சர் சரின்னு சொன்னாங்க.’ இதுல எது அவருக்குப் புரியாது, அண்ணாச்சி?”